ஐந்து சட்டி, மூன்று கிடங்கு

வன்னியில் ஒரு கிடங்கு வெட்டுவதென்றால் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். காணிக்காரரிடம், கிராம அலுவலரிடம், கடைசியாக, அந்தத் துண்டு நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதுதானா என்று வரைபடம் வைத்திருக்கிறவர்களிடம். மூன்றாவது பதில் எழுத்தில் வரும்வரை நாங்கள் அலவாங்கை வாகனத்தை விட்டு இறக்குவதில்லை. என் வேலைக்கு ஓர் இடத்தில் எட்டுக் கிடங்கு வேண்டும். மூன்று பெரியவை, ஐந்து சின்னவை. பெரியவற்றில் ஒரு பாகம் நீளமான, தண்ணீர்க் குழாயைப் போன்ற கொயில்களைப் புதைப்போம். சின்னவற்றில் சட்டிகளை இருத்துவோம். எல்லாவற்றையும் மண்ணால் மூடிவிட்டு, ஓர் இரவோ இரண்டு இரவோ சும்மா இருப்போம். அவ்வளவுதான் வேலை.

வேட்டு வைப்பதில்லை, துளைப்பதில்லை, நிலத்துக்குள் கரண்டும் விடுவதில்லை. பூமிக்குள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிற மிக மெல்லிய மின்னோட்டத்தையும், அதைக் கிளப்புகிற காந்தப்புலத்தின் நடுக்கத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, பத்து, இருபது, நாற்பது கிலோமீற்றருக்குக் கீழே பாறை எப்படிப்பட்டது என்று கணக்குப் பார்ப்போம். மக்னெற்றோதெலூரிக் முறை என்று பெயர். பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவரும் இரண்டாந்தரம் கேட்பதில்லை. ஆகவே "நிலத்தை ஸ்கான் பண்ணுறம்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். அந்தச் சொல்லால் வந்த வில்லங்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சோறு போட்டது இந்த வேலையல்ல. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வளர்ந்து, சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்து, 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை பூட்டப்படுவதற்குக் கொஞ்சம் முன்னர் வீட்டுக்கு வந்தவன் நான். 2009இல் எல்லாரையும்போல நடந்து, செட்டிகுளத்து முகாமில் இருந்து, வெளியே வந்தபோது வன்னியில் பௌதிகம் படித்தவனுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: தண்ணீர் பார்ப்பது. மீள்குடியேறிய சனத்துக்குக் கிணறு வேண்டும். நான்கு ஆணியை நேர்கோட்டில் அடித்து, வெளி ஆணிகளுக்கு மின்னோட்டம் கொடுத்து, உள் ஆணிகளுக்கு இடையில் அழுத்தத்தை அளந்து, ஆணிகளை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு போனால், உக்கின பாறை எத்தனை மீற்றர் தடிப்பு, கருங்கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். வன்னிக் கருங்கல் நிலத்தில் தண்ணீர் அந்த உக்கலுக்குள்ளும் வெடிப்புகளுக்குள்ளும்தான் நிற்கும். நாற்பது, ஐம்பது மீற்றருக்குக் கீழே எனக்கும் அக்கறையில்லை, காசு தருகிறவர்களுக்கும் அக்கறையில்லை. குழாய்க்கிணறு அடிக்கிறவர் கருங்கல்லைத் தொட்டதும் "அடியைக் கண்டிட்டம்" என்பார். அந்த அடிக்குக் கீழே என்ன என்கிற கேள்விதான் என்னைப் பிறகு இந்தியாவுக்குக் கொண்டுபோய், சேலம், நாமக்கல் பக்கத்துக் கற்காடுகளில் ஒரு குழுவுக்குக் கம்பி இழுக்கிறவனாக இரண்டு பருவம் நிற்க வைத்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவிப்பௌதிக ஆராய்ச்சி நிறுவனம் குப்பத்திலிருந்து பழனி வரைக்கும் இதே முறையில் ஆழ் மேலோட்டை அளந்து வெளியிட்டிருக்கிறது. தென்னிந்தியாவும் வன்னியும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த நிலங்கள். அங்கே செய்ததை இங்கே ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் ஆசை. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து இரவலாக வந்த கருவியோடு ஒரு கோடையில் அதைத் தொடங்கினேன்.

சட்டி என்று நான் சொல்வது, அடிப்பாகம் ஓட்டுச்சட்டிபோல நீர் கசியக்கூடிய ஒரு குடுவை. உள்ளே ஈயக் கம்பியும் ஈயக் குளோரைட்டுக் களியும். வெறும் இரும்பாணியை அடித்தால் ஆணிக்கும் ஈரமண்ணுக்கும் இடையில் அதுவே ஒரு பற்றறிபோல அழுத்தத்தை உண்டாக்கி, தேடுகிற சமிக்ஞையை விழுங்கிவிடும். கிடங்கின் அடியில் பென்ரனைற்றுக் களிமண்ணை உப்புத்தண்ணீரில் குழைத்து ஒடியற்கூழ் பதத்தில் ஊற்றி, அதற்குள் சட்டியை இருத்த வேண்டும். நடுவில் ஒன்று, அங்கிருந்து நான்கு திசைக்கும் ஐம்பது மீற்றரில் ஒவ்வொன்று. இனிக் கம்பி. அது நிலத்தோடு படிந்து கிடக்க வேண்டும். காற்றில் ஆடினால், பூமியின் காந்தப்புலத்துக்குள் ஆடுகிற கம்பி தானே ஒரு சின்ன மின்பிறப்பாக்கி ஆகிவிடும். ஆகவே மீற்றருக்கு ஒரு பிடி மண். முதுகு வளைத்து மண் வைக்கப் பஞ்சிப்பட்டுக் காலால் தள்ளிவிட்டுப் போன பெடியன் எந்தப் பக்கத்துக் கம்பியைப் பார்த்தான் என்பதை மறுநாள் கணினித் திரையில் கண்டுபிடித்துவிடலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கத்து வரி மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

காந்தப்புலத்தை அளக்கிற கொயில்களில் ஒன்று வடக்குத் தெற்காக, ஒன்று கிழக்கு மேற்காக, மற்றது நிமிர்ந்து. மேசன்மாரின் நீர்மட்டத்தை வைத்துச் சரிபார்ப்போம். நிமிர்ந்த கொயிலுக்கான கிடங்குதான் ஆளைக் கொல்லும். கோடையில் குளத்தடி மண் இரும்பு. இரண்டு அடி போனால் கிரவல். ஒரு கிடங்குக்கு இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது. திசைகாட்டியால் வடக்குப் பார்க்கிறபோது உழவு இயந்திரம், அலவாங்கு எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். வன்னியில் அது போதாது. ஓரிடத்தில் முள் ஒரு நிலையில் நிற்காமல் மெல்ல மெல்ல விலகியது. ஒன்றரை அடிக்குக் கீழே ஒரு வாகனத்தின் சில்லுத்தகடு கிடந்தது. சில்லு எந்த வாகனத்தினது, எப்படி அங்கே வந்தது என்று அங்கே நின்ற எவரும் பேசவில்லை. கிடங்கை முப்பது மீற்றர் தள்ளி வெட்டினோம்.

அதற்குப் பிறகுதான், நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். மிதிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் நின்றவர். வன்னியில் அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். குடும்பத்துக்கு உழைக்க வேறு ஆளில்லாத வீடுகளில் இருந்து வந்தவர்கள். ஒப்படைத்த காணியிலும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டி போடவேண்டும் என்பது அவருடைய சட்டம், என்னுடையதும். கருவியை நிலத்துக்கு மேலே வலமும் இடமுமாக வீசிக்கொண்டு வருவார். இரும்பு நிறைந்த மண்ணில் கருவி ஓயாமல் கத்தும், அப்படியான இடத்தில் நாங்கள் வாரியால் மண்ணை வாரி வாரித்தான் பார்ப்போம் என்று முகமாலை வேலையைப் பற்றிச் சொன்னார். மத்தியானம் பாலை மரத்தின் கீழ் சோற்றுப் பொதியை அவிழ்த்தபோது, உங்கட கருவி எப்பிடி வேலை செய்யுது என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது, அவருடைய கருவியும் என்னுடையதும் ஒரே குடும்பம். மைக்கல் பரடே 1831இல் கண்ட தூண்டல்தான் இரண்டிலும். அவருடைய கருவி ஒரு மாறுகிற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது அங்கே கிடக்கிற உலோகத் துண்டில் ஒரு சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் திரும்ப ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி கத்துகிறது. எனக்கோ அனுப்புகிற வேலை இல்லை. கொங்கோக் காட்டிலும் அமேசனிலும் எங்கேயோ இடிக்கிற மின்னல்களின் அலை, தரைக்கும் அயனமண்டலத்துக்கும் இடையில் அடைபட்டுப் பூமியைச் சுற்றி வருகிறது. அதைவிட மெதுவான அலைகள், சூரியனில் இருந்து வருகிற காற்று பூமியின் காந்தப்புலத்தை முட்டி அசைப்பதால் பிறக்கின்றன. அவை நிலத்துக்குள் இறங்கி மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. வேகமாக அதிர்கிற அலை மேலேயே செத்துவிடும், மெதுவான அலை ஆழத்துக்குப் போகும். பாறையின் தடைத்திறனை அலையின் ஓர் ஆட்டத்துக்கு எடுக்கிற செக்கன்களால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, பாதியாக்கினால் அது இறங்குகிற ஆழம் கிலோமீற்றரில் வரும். 1000 ஓம்-மீற்றர்ப் பாறையில் ஒரு செக்கன் அலை 16 கிலோமீற்றர் இறங்கும். நூறு செக்கன் அலை 158 கிலோமீற்றர். இதைப் புழுதியில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

"அவ்வளவு ஆழத்திலை என்ன பாக்கிறியள் தம்பி? எங்களுக்கு ஒரு சாணுக்கை இருக்கிறதைக் கண்டால் காணும்" என்றார் அக்கா. பிறகு தன் கருவியை எங்கள் கொயிலுக்கு மேலே ஒருதரம் பிடித்துப் பார்த்தார். உள்ளே உலோகத் தண்டும் ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பியும். கருவி வாய் மூடாமல் கத்தியது. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் தேடுகிற சமிக்ஞை எவ்வளவு சின்னது என்றால், வன்னியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40,000 நனோதெஸ்லா. நாங்கள் அளக்கிற ஆட்டம் பல நேரம் ஒரு நனோதெஸ்லாவிலும் குறைவு. திருவிழாக் கூட்டத்துக்குள் நின்று எறும்பின் காலடியைக் கேட்கிற வேலை. அதிலும் அரைச் செக்கனில் இருந்து பத்துச் செக்கன் வரையான அலைகள்தான் மகா மோசம். மின்னலின் அலை அங்கே வருவதற்குள் களைத்துவிடும், சூரியனின் அலை இன்னும் தொடங்கியிருக்காது. தொழிலில் இதைச் செத்த பட்டை என்போம். வன்னிக் கருங்கல்லில் மேலோட்டின் நடுப்பகுதியைக் காட்டக்கூடிய அலைகளும் அந்தப் பட்டைக்குள்தான் விழுகின்றன. அங்கேதான் வந்து உட்கார்ந்தது யானை வேலி.

ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகிற ஒரு குளத்தடியில் மூன்று இரவு பதிவு எடுத்தோம். வீட்டுக்கு வந்து கணினியில் விரித்தால், கோயில் மணி அடித்ததுபோல ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூட இடைவெளியில், தவறாமல், ஒரு முள். இரவு ஏழு மணிக்குத் தொடங்கி விடிய ஆறு மணிக்கு நிற்கிறது. மின்வேலி துடிப்பு துடிப்பாகத்தான் கரண்டை விடும். ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி அப்படியொரு வேலி இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிழை என்னுடையதுதான். ஊர் உறங்கி, மோட்டர்கள் நின்று, எங்களுக்கு அமைதி கிடைப்பது இரவில். யானை வருவதும் இரவில். வேலிக்காரரிடம் போய் ஓர் இரவுக்கு மட்டும் நிறுத்தித் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கதிர் முற்றுகிற நேரம். அவர் கோபிக்கவில்லை. "நீர் நிறுத்தச் சொல்லும், நான் நிப்பாட்டுறன். ஆனை வந்தால் நீர் வந்து வயலுக்கை நிப்பீரோ?" என்று மட்டும் கேட்டார். மூன்று இரவுப் பதிவில் பாதியை எறிந்தேன்.

ஸ்கான் கதைக்கு வருகிறேன். போருக்குப் பிறகு வன்னியில் புதைத்த தங்கம் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. ஸ்கானர் கொண்டு கிண்டுகிறவர்கள் பிடிபடுகிற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும். நான் போய் அந்தச் சொல்லைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லியிருக்கிறேன். மறுநாள் விடிய வந்து பார்த்தால் நிமிர்ந்த கொயிலின் கிடங்கு திறந்து கிடக்கிறது. கொயிலை வெளியே எடுத்துப் பக்குவமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குக் கீழே இன்னும் மூன்று அடி தோண்டியிருக்கிறார்கள். கம்பியை அறுக்கவில்லை. பற்றறியைத் தொடவில்லை. நாங்கள் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து அடையாளத்துக்குக் கருவியை நட்டிருக்கிறோம் என்று நினைத்தார்களாக்கும். பதிவில் 1.40க்கு அந்தக் கொயிலின் வரி மட்டும் துள்ளி எழுந்து, திரையை விட்டே போய்விட்டது. அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. அந்தக் கிடங்கு எங்களுக்கு வெட்ட ஒரு காலைப்பொழுது எடுத்த கிடங்கு. இருட்டில் அதற்குக் கீழே மூன்றடி போன அந்தக் கைகளைப் பிடித்து வேலைக்குச் சேர்த்திருக்கலாம்.

இன்னொரு நாள் ஒரு காவலரணில் வாகனத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே என்ன? ஐந்நூறு மீற்றர் செம்புக் கம்பி, இரண்டு 12 வோல்ற்றுப் பற்றறி, நீளமான கறுத்தக் குழாய்கள் மூன்று, மூடியிட்ட குடுவைகள். கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் அரை நாள் போனது. எனக்கு அவர்களில் கோபம் வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றறிகூட வன்னிக்குள் வரக்கூடாத பொருள். அந்தக் காலத்தில் இந்த மூட்டையோடு ஒருவன் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

அதை நினைக்கிறபோதெல்லாம் மனதில் ஒரு பொல்லாத கணக்கு ஓடும். 1990இல் இருந்து ஏறத்தாழ இருபது வருடம் வன்னிப் பெருநிலத்தில் மின்விநியோகம் இல்லை. நாங்கள் குப்பி விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. மின்காந்தக் காதால் கேட்டால், அவ்வளவு சனம் வாழ்ந்த நிலங்களில் அதைப்போல அமைதியான இடம் உலகத்தில் அதிகம் இருந்திருக்காது. ஐம்பது ஹேர்ட்ஸ் இரைச்சல் இல்லை, வேலித் துடிப்பு இல்லை, கோபுரம் இல்லை. செத்த பட்டையிலும் சுத்தமான பதிவு எடுத்திருக்கலாம். இன்றைக்கு வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ற்றுக் கோபுரங்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் மின்மோட்டர், ஒவ்வொரு வளைவிலும் தொலைபேசிக் கோபுரம். டீசலில் ஓடுவதால் யாழ்தேவி மட்டும் எங்களுக்கு உபகாரம் செய்கிறது. நேர்மின்னில் ஓடுகிற ரயில் இருக்கிற நாடுகளில் எங்கள் தொழில்காரர் பல கிலோமீற்றர் தள்ளி ஓடவேண்டும். அந்த அமைதி திரும்ப வேண்டும் என்று எவன் கேட்பான்? பிள்ளைகள் மின்விளக்கில் படிக்கட்டும். நான் பாதிப் பதிவை எறிந்துவிட்டுப் போகிறேன்.

இத்தனை பாடு எதற்கு? இலங்கையின் அடிப்பாறையைப் புவிச்சரிதவியலாளர் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் மலைநாட்டுத் தொகுதி, கிழக்கில் விஜயன் தொகுதி, மேற்கிலும் வடக்கிலும் வன்னித் தொகுதி. கண்டிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடுகண்ணாவைத் தொகுதி. இந்தப் பெயர்களைக் க்ரோனர், கூரே, விதானகே மூவரும் 1991இல் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். வன்னித் தொகுதிப் பாறைகளின் மூலப்பொருள் 100 கோடியில் இருந்து 200 கோடி ஆண்டு வரை பழையது. மலைநாட்டினது அதைவிட மூப்பு, 200 கோடிக்கும் 300 கோடிக்கும் இடையிலும் அதற்கு மேலும். உலகப் புவிச்சரித நூல்களில் எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது என்று முதலில் அறிந்தபோது எனக்குப் பெருமை. பிறகுதான் யோசித்தேன், அந்தப் பெயர் எழுதப்பட்ட வருடத்தில் ஓமந்தைக்கு வடக்கே சுத்தியலோடு ஒரு புவிச்சரிதவியலாளர் நடந்திருக்க முடியாது. பெயர் எங்களுடையது. அதன் தெற்குப் பாதியைத்தான் உலகம் நன்றாக அறியும்.

வடபாதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முல்லைத்தீவுக் கரையில் இருந்து புத்தளம் பக்கமாக ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே கருங்கல் மெல்ல மெல்ல மயோசீன் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே போய்விடுகிறது. பரந்தனில் பாறை கண்ணுக்கே தெரிவதில்லை. மலைநாட்டுக்கும் விஜயனுக்கும் இடையிலான எல்லை தெளிவானது. ஒன்று மற்றதன்மேல் தள்ளி ஏறிய எல்லை. கன்னியா வெந்நீரூற்றில் தொடங்கித் தெற்கே மகாபெலஸ்ஸ வரைக்கும் சுடுநீர் ஊற்றுகள் அதை ஒட்டித்தான் வரிசையாக வருகின்றன. கண்டியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தார் அந்த ஊற்றுகளின் அடியை மின்காந்த முறையால் பார்த்திருக்கிறார்கள். வன்னிக்கும் மலைநாட்டுக்கும் இடையிலான எல்லையோ இன்னும் வாக்குவாதத்தில்தான் இருக்கிறது. 2016இலும் 2017இலும் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நிறுவனமும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகமும் சேர்ந்து தீவில் 30 நிலநடுக்கமானிகளை வைத்துக் கேட்டன. மேலோட்டின் தடிப்பு 30 முதல் 40 கிலோமீற்றர் என்றும், மலைநாட்டின் நடுவில்தான் அதிக தடிப்பு என்றும் அதில் தெரிந்தது. நிலநடுக்க அலை பாறையின் இறுக்கத்தைச் சொல்லும். உப்புநீர் இருக்கிறதா, காரீயம் (கிராபைற்று) இருக்கிறதா என்பதை மின்காந்த அலைதான் நன்றாகச் சொல்லும்.

காரீயம் என்றதும் இலங்கையர் ஒருவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். உலகத்தில் பல இடங்களில் கீழ் மேலோடு எதிர்பார்த்ததைவிட நன்றாக மின்னைக் கடத்துகிறது. காரணம் உப்புநீரா, பாறை மணிகளுக்கு இடையில் மெல்லிய படலமாகப் படிந்த காரீயமா என்பது எங்கள் தொழிலின் பழைய சண்டை. ஜேர்மனியில் 1994 வரைக்கும் 9,101 மீற்றர் துளைத்துப் பார்த்தார்கள். முறிவுப் பாறைகளில் காரீயமும் கண்டார்கள், கூடவே உப்புநீரும் கண்டார்கள். சண்டை தீரவில்லை. நாங்கள் துளைக்கத் தேவையில்லை. சுமார் 55, 60 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீற்றருக்கும் கீழே வெந்து கிடந்த பாறைதான் இன்றைக்கு வன்னியில் எருமை முதுகு தேய்க்கிற கல். மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது. வன்னித் தொகுதியின் தெற்கில், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவில், அதே பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற காரீயத்தைச் சுரங்கம் வைத்து எடுக்கிறார்கள். கீழ் மேலோடு எப்படியிருக்கும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் இன்றைய கீழ் மேலோட்டையும் அளக்கலாம். இந்த வாய்ப்பு எல்லா நாட்டுக்கும் இல்லை.

பாக்குநீரிணையிலும் ஒரு புதிர் உண்டு. 1970களில் இந்திய விஞ்ஞானிகள் அண்ணாமலைநகர், கொடைக்கானல், திருவனந்தபுரம் காந்த ஆய்வகங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, நிமிர்ந்த காந்தக் கூறு நடக்கக்கூடாத மாதிரி நடந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் மின்னைக் கடத்துகிற ஒரு வாய்க்கால் இருப்பதுபோலத் தெரிந்தது. பாக்குநீரிணையின் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்குள். அவ்வளவு சின்னத் தண்ணீரில் இவ்வளவு மின்னோட்டம் நெருக்கியடித்துப் போகிறதா, அல்லது ஆழத்தில் வேறொரு கடத்தி கிடக்கிறதா? இந்தப் பக்கத்தில் இருந்து, வன்னிக் கரையில் இருந்து, ஒருவர் நன்றாக அளந்தால் இந்தக் கேள்வியில் பாதி தீரும். எங்களிடம் ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் குணரத்தினம், செங்குத்தான செவ்வகப் பட்டக வடிவில் பாறை புதைந்து கிடந்தால் மேலே காந்தப்புலம் எப்படி மாறும் என்பதற்கு எளிமையான சூத்திரங்களை 1981இல் உலகச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். அதே 1981இல்தான் அந்த ஊரின் நூலகம் எரிந்தது.

எங்கள் இடத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. காந்த நடுவரை எங்களுக்குப் பக்கத்தாலேயே போகிறது. அதனால்தான் 1963இல் இந்தியாவில் முதல் ரொக்கெற்றைத் தும்பாவில் இருந்து விட்டார்கள். பகலில் அந்த வரையை ஒட்டி நூறு கிலோமீற்றர் உயரத்தில் மின்னோட்டம் ஓர் ஆறுபோல ஓடுகிறது. எங்கள் முறையின் கணக்கை 1950இல் தீகனோவும் 1953இல் கான்யாரும் எழுதினார்கள். அதன்படி அலை எல்லா இடத்திலும் ஒரே சீராக மேலிருந்து விழவேண்டும். தலைக்கு மேலேயே ஆறு ஓடினால் சீராக விழாது. நீண்ட அலைகளின் பகற்பதிவை நம்ப முடியாது. இரவுப் பதிவை யானை வேலி தின்கிறது.

கடைசியில் கிடைத்தது என்ன? மூன்று நல்ல நிலையங்கள். இரண்டு கருங்கல்லில், ஒன்று பரந்தனுக்கு இப்பால் சுண்ணாம்பில். கருங்கல் நிலையங்களில் தடைத்திறன் பல ஆயிரம் ஓம்-மீற்றர். அதாவது நன்றாகக் காய்ந்து இறுகிய பாறை. சுண்ணாம்பு நிலையத்தில் உப்புத்தண்ணீர் ஊறிய கல்லால் அது மளமளவென்று இறங்கியது. செத்த பட்டையில் ஓட்டை. ஆழத்தில் எல்லை எங்கே சாய்கிறது என்று மூன்று புள்ளியை வைத்துச் சொல்கிறவனை நீங்கள் நம்பக்கூடாது. மன்னார்க் கரையில் இருந்து வவுனியா, நெடுங்கேணி வழியாகக் கொக்கிளாய் வரை ஒரு கோடு, அதில் முப்பது, நாற்பது நிலையம், கூடவே பல கிலோமீற்றர் தள்ளி ஒரே நேரத்தில் பதிவுசெய்கிற துணை நிலையம் ஒன்று. இரைச்சலைக் கழிக்க அது கட்டாயம். இது இரண்டு கோடை வேலை. கருவி வாங்குகிற காசு ஒரு நல்ல வாகனத்தின் காசுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிடங்கு வெட்ட நான் இருக்கிறேன். அக்காவும் வருகிறேன் என்கிறார்.

வாசிக்கிறவர்களில் வன்னிக் காணிக்காரர் யாரும் இருந்தால் ஒரு வேண்டுகோள். சிறுபோக அறுப்பு முடிந்த ஏதாவது ஒரு காலையில் உங்கள் வயலில் நான்கு பக்கமும் மெல்லிய கம்பி போய், மீற்றருக்கு ஒரு பிடி மண் வைத்துக் கிடந்தால், இழுத்துப் பார்க்காதீர்கள். அதில் கரண்ட் இல்லை, கீழே தங்கமும் இல்லை. மாட்டை மட்டும் இரண்டு நாளைக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிடுங்கள்.